ஆலம்பரை முனையும் நம் ஏரி நீரும்

(ஒலக்கூர் ஊராட்சி ஒன்றியத்தில் ஊராட்சித் தலைவர்கள், ஆசிரியர்கள், மகளிர் குழுவினர், இளைஞர்கள் ஆகியோர் கூடியிருந்த கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய சொற்பொழிவு)



ஏரியும் கிணறும் சாலையும் பள்ளியும் பற்றிப் பேசுவதே என் வழக்கம். இன்று கடற்கரையைப் பற்றிப் பேச எண்ணியிருக்கிறேன். கடலோரம் இல்லாத நம் ஒன்றியத்தில் கடலைப் பற்றிய பேச்சு எதற்கு என்ற ஐயம் உங்களுக்கு எழுவது இயற்கையே. அந்த ஐயத்துக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடலுக்குள் நீண்டு நிற்கும் நிலத்தை முனை என்கிறோம். முனை என்றதும் பாறைதான் நம் நினைவுக்கு வருகிறது. குமரி மாவட்டத்து முட்டத்தில் பெரும் பாறைகளின் மேல் அலைகள் மோதிச் சிதறுகின்றன. இலங்கையின் திருகோணமலையில் கோணேசர் கோயில் கொண்டுள்ள குன்று, கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கிறது. போர்த்துகீசியர் 17-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த பழங்கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். இன்று அந்தக் கோட்டைக்குள் மான்கள் அச்சமின்றி மேய்கின்றன. ஆட்சிகள் வந்தன, போயின. பாறை மட்டும் அப்படியே இருக்கிறது.

நமக்கு அண்மையில் உள்ள ஆலம்பரையோ அத்தகையது அன்று. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் சென்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினால் கடப்பாக்கம் வரும். அங்கிருந்து கடலை நோக்கிச் சிறிது தூரம் போனால், கழிநீரின் ஓரத்தில் ஒரு செங்கற் கோட்டையின் இடிபாடுகள் தென்படும். அதுவே ஆலம்பரைக் கோட்டை. அங்கே மலையும் இல்லை, குன்றும் இல்லை. இடிந்த மதில்களே பாறைபோல் உயர்ந்து நிற்கின்றன. மதிலின் மேட்டில் நின்று கிழக்கே நோக்கினால் முதலில் அமைதியான கழி, அதற்கப்பால் மெல்லிய மணல் திட்டு, அதற்கும் அப்பால் ஆரவாரிக்கும் கடல் என மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்சி தருகின்றன.

பாறை முனையைக் காக்க எவரும் வேண்டுவதில்லை. மணல் முனையின் நிலை வேறு. அது நாள்தோறும் ஆக்கப்படுகிறது. நாள்தோறும் அழிக்கவும் படுகிறது. ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்காக இழுத்துச் செல்கின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அந்த ஓட்டம் திரும்புகிறது. கோடையில் கடல் கொண்டுவந்து குவிக்கும் மணல் கழியின் வாயை அடைக்கப் பார்க்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் உள்நாட்டிலிருந்து வரும் வெள்ளம் அந்த அடைப்பை உடைத்து வாயைத் திறந்துவிடுகிறது. ஆகவே ஆலம்பரையின் நிலத்தை உருவாக்குவதில் கடலுக்கு உள்ள பங்கு, மேட்டு நிலத்து மழைநீருக்கும் உண்டு.

அந்த மழைநீர் எங்கிருந்து போகிறது? திண்டிவனத்துக்கும் அச்சிறுபாக்கத்துக்கும் இடையே நெடுஞ்சாலையைக் கடந்து ஓடும் ஓங்கூர் ஆற்றை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். நம் பக்கத்து ஏரிகள் நிறைந்து, கலங்கல் வழியே வழியும் நீர் ஓடைகளில் இறங்கி அந்த ஆற்றைச் சேர்கிறது. ஆறு கிழக்கே சென்று இடையன்திட்டுக் கழியில் கலந்து கடலை அடைகிறது. அதே கழிக்குத் தெற்கேயிருந்து கழுவெளி ஏரியின் நீரும் கால்வாய் வழியே வந்து சேர்கிறது. எனவே ஒலக்கூர் வயலில் பெய்த மழை ஆலம்பரையின் வாசலில்தான் கடலைக் காண்கிறது.

இந்த உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைப் பாடிய புலவர், இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். கடலுக்கும் கழிக்கும் இடைப்பட்ட நாடு என்ற பொருள் தரும் அந்தப் பெயரே இன்றும் கடப்பாக்கம் பகுதிக்கு வழங்குகிறது. அவர் பாடிய தலைவன், ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடன். அவனது நாட்டு ஊர்களாக அந்நூல் கூறுபவற்றில் எயிற்பட்டினமும் கிடங்கிலும் உள்ளன. எயிற்பட்டினம் மரக்காணம் பகுதி என்பது அறிஞர் கருத்து. கிடங்கில் இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதி. ஆக, கடற்கரைப் பட்டினமும் உள்நாட்டுக் கோட்டையும் ஒரே நாடாக இருந்தன. மீனும் உப்பும் மேற்கே வந்தன. நெல் கிழக்கே சென்றது. இடையில் மாவட்ட எல்லை என்று ஒன்று அன்று இல்லை. இன்று எல்லை உண்டு. ஆனால் தண்ணீர் அதை அறியாது.

ஆலம்பரைக் கோட்டை அதற்கு வெகுகாலம் பிற்பட்டது. ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலிகான் ஆட்சிக் காலத்தில், அதாவது 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு அது கட்டப்பட்டது. படகுத்துறை அமைந்தது, நாணயச்சாலை நடந்தது. சரிகைத் துணியும் நெய்யும் உப்பும் இத்துறையிலிருந்து கப்பலேறின. புதுச்சேரியின் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பில் ஆலம்பரையின் பெயர் இடம்பெற்றுள்ளது. தக்காணத்து அதிகாரப் போட்டியில் தமக்கு உதவிய கைம்மாறாக, முசாபர் ஜங் 1750-ஆம் ஆண்டில் இக்கோட்டையைப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்குக் கொடுத்தார். பத்தே ஆண்டுகளில் காட்சி மாறியது. 1760 ஜனவரி 22-ஆம் நாள் வந்தவாசிப் போரில் அயர் கூட் தலைமையிலான ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரை வென்றனர். அதே ஆண்டில் ஆலம்பரையும் ஆங்கிலேயர் வசமாகி இடிக்கப்பட்டது. மறு ஆண்டு புதுச்சேரியும் வீழ்ந்தது.

பீரங்கிக்குத் தப்பிய மதில்களைக் கடல் விடவில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை எஞ்சிய சுவர்களுக்கும் சேதம் விளைவித்தது. இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சி நிற்பதைப் பார்க்கச் செல்கிறவர்களில் சிலர், செங்கல்லைப் பெயர்த்தும் சுவரில் தம் பெயரைக் கீறியும் வருகிறார்கள். பீரங்கி செய்ததைத் தம் கையால் முடித்து வைப்பது நமக்குப் பெருமையாகுமா?

இனி அங்கு வாழும் உயிர்களைப் பற்றிச் சில சொற்கள். கழிநீர் உப்பும் நன்னீரும் கலந்தது. மழைக்காலத்தில் இனிப்பு மிகும். கோடையில் உப்பு மிகும். இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகிய இறாலும் நண்டும் மீன் குஞ்சுகளும் அங்கே வளர்கின்றன. கடலில் பிடிபடும் இறால் பலவற்றுக்குக் கழியே தொட்டில். அவற்றை உண்ண நாரைகளும் கொக்குகளும் கூழைக்கடாக்களும் வருகின்றன. குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் உள்ளான்களும் வாத்தினங்களும் ஆயிரக்கணக்கான கல் தொலைவு பறந்து கழுவெளிக்கு வந்து சேர்கின்றன. பூநாரைகள் இளஞ்சிவப்புக் கோடாக ஆழமற்ற நீரில் நிற்கும் காட்சியை ஒருமுறை கண்டவர் மறவார். தென்னிந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் பழவேற்காட்டுக்கு அடுத்துப் பெரியதாகக் கழுவெளி கூறப்படுகிறது. தமிழ்நாடு அரசு 2021-இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2024-இல் அது இடம்பெற்றது.

இக்கரையின் மணலுக்கு மற்றொரு விருந்தாளியும் உண்டு. அதுவே பங்குனி ஆமை. தை முதல் பங்குனி வரையிலான இரவுகளில் பெண் ஆமை கரையேறிக் குழி பறித்து, நூறு முட்டை அளவில் இட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. சுமார் 50 நாட்களில் குஞ்சுகள் வெளிவந்து, நீரின் வெளிச்சத்தை நோக்கி ஓடுகின்றன. கரையில் மின்விளக்கு பளிச்சிட்டால் அவை திசை தவறி ஊர்ப்பக்கம் வந்து மடிகின்றன. மணல் திட்டு இருந்தால்தான் முட்டை. இருள் இருந்தால்தான் குஞ்சு.

இப்பொழுது முதலில் எழுந்த ஐயத்துக்கு வருகிறேன். "ஐயா, நம் ஏரி நிறையாதபோது கழிக்குத் தண்ணீர் விடச் சொல்கிறீர்களா?" என்று விவசாயி கேட்பது நியாயமே. அவ்வாறு நான் சொல்லவில்லை. நம் முன்னோர் ஏரிகளைச் சங்கிலியாக அமைத்தார்கள். மேல் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியே கீழ் ஏரிக்கு நீர் போகும். கடைசி ஏரியும் நிறைந்த பின்னரே ஆற்றுக்குப் போகும். இந்த ஏற்பாட்டில் ஏரிக்கும் கழிக்கும் பகை இல்லை. வரத்து வாய்க்கால் தூர்ந்து, போக்குக்கால் ஆக்கிரமிக்கப்பட்டு, ஏரியில் வண்டல் நிறைந்துவிட்டால்தான் இரண்டும் கெடுகின்றன. சிறுமழையில் நீர் ஏரிக்கு வந்து சேர்வதில்லை. பெருமழையில் ஏரி தாங்குவதில்லை. அப்பொழுது வெள்ளம் கரையை உடைத்து, வயலின் மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடுகிறது. அந்த மண் ஆற்றையும் கழியையும் மேடாக்குகிறது.

இதனை விளக்கப் பழைய கதை வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. நமக்கு அண்டையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய நீர் முழுவதும் தேங்காமல் வெளியேற வேண்டுமானால், கழி அகலமாகவும் அதன் வாய் திறந்தும் இருக்க வேண்டும். கழி வீட்டின் வடிகால் போன்றது. வாசலில் உள்ள வடிகால் அடைபட்டால் உள்கட்டில் தண்ணீர் ஏறும். கடற்கரை நமக்கு எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை நான் அறியேன்.

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில உண்டு. ஐப்பசிக்கு முன்பே ஒவ்வோர் ஊராட்சியும் தன் ஏரிக்கு வரும் வாய்க்காலையும் வெளியேறும் போக்குக்காலையும் முழு நீளமும் நடந்து பார்க்க வேண்டும். எந்த இடத்தில் எவ்வளவு அடைப்பு என்பதைக் கிராம சபையில் வெளிப்படையாக வைக்க வேண்டும். ஆக்கிரமித்தவர் நம் உறவினராக இருக்கலாம். அதிகாரி மட்டும் சொன்னால் அது வழக்காகும். ஊரே சேர்ந்து சொன்னால் அது வழியாகும். இரண்டாவதாக, கலங்கல் ஓரத்தைக் குப்பைமேடாக்கும் பழக்கம் ஒழிய வேண்டும். இன்று அங்கே எறியும் பிளாஸ்டிக் பை, அடுத்த மழையில் பறவை மேயும் சேற்றில் போய்ப் படியும். பூச்சிமருந்தை அளவறிந்து தெளிப்பதும், காலிப் புட்டிகளை வாய்க்காலில் கழுவாதிருப்பதும் இதில் அடங்கும். மூன்றாவதாக, கரைகளில் பனை விதை ஊன்ற வேண்டும். பனையின் வேர் ஏரிக்கரையையும் பிடிக்கும்; கடலோர மணலையும் பிடிக்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்களை ஆலம்பரைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆனால் பேருந்தை நேராக அங்கே கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். முதலில் நம் ஊர் ஏரியின் கலங்கலில் நிறுத்துங்கள், பின்னர் ஓங்கூர் ஆற்றுப் பாலத்தில், அதன்பின் உப்பளங்களின் ஓரத்தில், கடைசியாகக் கோட்டையில். தண்ணீர் சென்ற வழியே சென்றால், புவியியலும் வரலாறும் உயிரியலும் தனித்தனிப் பாடங்கள் அல்ல என்பது பிள்ளைகளுக்குத் தானே விளங்கும்.

ஒரு வரலாற்றுச் செய்தியோடு முடிக்கிறேன். சென்னையிலிருந்து தெற்கே வந்து மரக்காணத்தில் முடிவது பக்கிங்காம் கால்வாய். 1876 முதல் 1878 வரை நம் நாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது, சென்னை நகரில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியைப் பசியால் வாடிய மக்களே நிவாரண வேலையாக வெட்டினர். உண்ண உணவற்ற நிலையிலும் அம்மக்கள் மண் சுமந்து ஒரு நீர்வழியை நமக்கு விட்டுச் சென்றார்கள். உணவும் கருவியும் திட்டமும் உள்ள நாம் இருக்கும் வாய்க்காலைத் தூர்க்காமல் காப்பாற்றுவது பெரிய காரியமாகாது. ஆலம்பரையின் மதிலை நம்மால் மீண்டும் எழுப்ப இயலாமற் போகலாம். அதன் வாசலுக்குப் போகும் தண்ணீர் தடையின்றியும் தூய்மையாகவும் போகச் செய்வது முழுக்க நம் கையில் உள்ளது. வரும் மழைக்கு முன்பே அதனைத் தொடங்குவோமாக.