ரொக்கக் கணக்கும் உரிமைக் கணக்கும்

பிறந்த ஊரை விட்டு மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் சிறு வணிகம் நடத்தி வரும் நம்மவர்க்குக் கணக்கு என்பது புதிய கலையன்று. சிட்டை, பேரேடு, ஐந்தொகை என்னும் சொற்களை நம் வணிகர் கடல் கடந்தும் கொண்டு சென்றனர். குஜராத்தி வணிகர் தீபாவளியன்று புதுக் கணக்கேட்டுக்குப் பூசை செய்வதையும், வங்காளத்தார் தங்கள் ஆண்டுப் பிறப்பில் பழைய பாக்கியைத் தீர்த்துப் புது ஏடு திறப்பதையும் நாம் காண்கின்றோம். ஏட்டைத் திறப்பது எளிது; நாள்தோறும் எழுதி வருவதே அரிது.

எழுதும் முறை இருவகைப்படும். பணம் கைக்கு வரும்போதும் கையை விட்டுப் போகும்போதும் மட்டும் எழுதுவது ரொக்க முறை. பணம் எப்போது வந்தாலும், விற்ற நாளிலேயே வருவாயையும், பயன் பெற்ற காலத்திலேயே செலவையும் எழுதுவது உரிமை முறை. இதனை ஆங்கிலத்தில் அக்ரூவல் என்பர்.

மாட்டுங்காவில் இட்லி மாவு அரைத்து விற்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு மாதத்தில் ரூ. 40,000-க்கு ரொக்கமாக விற்கிறார். மாணவர் விடுதி ஒன்றுக்கு ரூ. 30,000-க்குக் கடனாகத் தருகிறார். அரிசியும் உளுந்தும் ரூ. 45,000-க்கு வாங்கி முழுவதும் அரைத்துவிடுகிறார்; அதில் ரூ. 15,000 மளிகைக் கடை பாக்கி. மாத வாடகை ரூ. 10,000, மூன்று மாத வாடகையை முன்னதாகவே கொடுத்துவிடுகிறார்.

ரொக்க முறையில் வரவு 40,000, செலவு 60,000; ஆகவே ரூ. 20,000 குறைவு. உரிமை முறையில் விற்பனை 70,000, சரக்கும் அம்மாத வாடகையும் சேர்ந்து செலவு 55,000, ஆகவே ரூ. 15,000 இலாபம். முன்னதை மட்டும் கண்டவர் மனமுடைந்து கடையை மூடக்கூடும். பின்னதை மட்டும் கண்டவர் இலாபம் உண்டென்று ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, மளிகைக் கடன் கேட்டு வரும்போது கையைப் பிசையக்கூடும். தொழில் தழைக்கிறதா என்பதை உரிமைக் கணக்கு சொல்லும். நாளைய கடனை அடைக்க முடியுமா என்பதை ரொக்கக் கணக்கு சொல்லும்.

சட்டத்தையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் கம்பெனிகளுக்கு உரிமை முறையையே விதித்தது. 2006-ஆம் ஆண்டின் சிறு, குறுந்தொழில் சட்டம், எழுத்து ஒப்பந்தம் இருப்பினும் 45 நாட்களுக்கு மேல் பாக்கியை நிறுத்தலாகாது என்றது. ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாட்களே. பதிவு செய்துகொண்ட மாவுத் தொழிலாளர் இவ்வுரிமையைக் கேட்க வேண்டுமானால், சரக்குக் கொடுத்த தேதி ஏட்டில் இருத்தல் வேண்டும்.

ஆகவே மூன்று காரியங்களைச் செய்வோமாக. ஒவ்வோர் இரவும் சிட்டையை எழுதிக் கல்லாப் பணத்தோடு ஒத்துப் பார்ப்போம். நமக்கு வரவேண்டியதையும் நாம் தரவேண்டியதையும் ஆள்வாரியாகத் தேதியுடன் தனி ஏட்டில் குறிப்போம். வீட்டுக்கும் ஊருக்கும் எடுத்த பணத்தைக் கடைச் செலவில் சேர்க்காமல், சொந்தப் பற்று என்றே எழுதுவோம். மாத முடிவில் இவற்றோடு சரக்கிருப்பையும் எண்ணிச் சேர்த்தால், இரண்டு கணக்கும் ஒரே மேசையில் நம்முன் நிற்கும். அதன்பின் கடையை விரிக்கலாமா, கடன் வாங்கலாமா என்று முடிவு செய்வது நமக்கு எளிதாகும்.