பழைய மர்மப் படங்களைத் திரும்ப எடுக்கலாமா?
(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியது)



பழைய மர்மப் படங்களை இன்றைய டைரக்டர்கள் திரும்ப எடுக்கலாமா என்று பேசச் சொன்னார்கள். எடுக்கட்டுமே! ஆனால் எதை எடுக்கிறார்கள்? இந்தியில் 1978-இல் 'டான்' ஓடியது. 1980-இல் ரஜினியின் 'பில்லா', 2007-இல் அஜித்தின் 'பில்லா'. மூன்றையும் பார்த்தவன் நான். ஜெயித்த குதிரை மேலேயே பணம் கட்டுகிறார்கள். வியாபாரம்தானே, தப்பில்லை.

என் ஆதங்கம் வேறு. வீணை எஸ். பாலசந்தர் 1954-இல் ஏ.வி.எம்.முக்காக இயக்கிய 'அந்த நாள்' படத்தில் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. நம் மதுரை தங்கம் தியேட்டரில் 'பராசக்தி' பார்த்து நம் அப்பாமார்கள் கொண்டாடிய சிவாஜி, இதில் ஆரம்பத்திலேயே குண்டடிபட்டுச் சாகிறார். யுத்த காலத்தில் ஜப்பானுக்கு ரகசியம் விற்ற துரோகி. சுட்டது, கட்டின மனைவி! அன்று படம் சரியாகப் போகவில்லை. "பாட்டு இல்லாம என்னய்யா படம்?" என்று பாதியில் எழுந்து வந்ததாக என் அப்பாவே சொல்வார்.

இந்த மாதிரிப் படத்தையல்லவா திரும்ப எடுக்க வேண்டும்! "முடிவு தெரிஞ்சா சுவாரசியம் போயிருமே" என்கிறார் முன்வரிசை நண்பர். போகாதய்யா. கொன்றது யார் என்று தெரிந்து, இரண்டாம் தடவை பார்த்தபோதுதான் பண்டரிபாயின் முகத்தையே நான் சரியாகக் கவனித்தேன்.

ஒரே சிக்கல். முதல் காட்சியிலேயே சாவதற்கு இன்றைக்கு எந்த ஹீரோ கால்ஷீட் கொடுப்பார்?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பந்தியும் ரெடியாம்.