பணம் மட்டும் போதுமா?



"கையில் ஒரு பத்தாயிரம் வெள்ளி இருந்தால் நானும் தொழிலைப் பெருக்கிவிடுவேன்" என்று சொல்லாதவர் நம்மிடையே குறைவு. பணம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் பணம் வந்த பிறகு தொழிலில் நம்மோடு நிற்க ஆள் வேண்டாமா? இந்தக் கேள்வியைக் கடன் வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தோட்டத்தில் வசிக்கும் ஒரு தாயார் வீட்டில் முறுக்கு சுட்டு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 40 பொட்டலம். ஒரு பொட்டலம் 5 வெள்ளி. மாவு, எண்ணெய், கேஸ், பை எல்லாம் சேர்ந்து 3 வெள்ளி ஆகிறது. மிச்சம் 2 வெள்ளி. மாதம் 26 நாள் உழைத்தால் 2,080 வெள்ளி நிற்கும்.

பட்டணத்துப் பேரங்காடிக்காரர் முறுக்கைத் தின்று பார்க்கிறார். "நாள்தோறும் எங்களுக்கு 80 பொட்டலம் கொடுங்கள்" என்கிறார். தாயாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. 10,000 வெள்ளி கடன் வாங்கி, அதில் 8,000 வெள்ளிக்கு முறுக்கு பிழியும் இயந்திரமும் பெரிய அடுப்பும் வாங்கிவிடுகிறார். மீதி 2,000 வெள்ளி.

இனிமேல்தான் சங்கடம். 80 பொட்டலத்துக்கு நாள்தோறும் 240 வெள்ளிச் சரக்கு வாங்க வேண்டும். கையிலிருக்கும் 2,000 வெள்ளி எட்டே நாளில் தீர்ந்துவிடும். பேரங்காடியோ மாதம் முடிந்து, கணக்குப் பார்த்த பிறகுதான் காசோலை கொடுக்கும். அந்த ஒரு மாதத்துக்குச் சரக்கு வாங்க மட்டும் 6,240 வெள்ளி தேவை. பார்த்தீர்களா நேயர்களே! வியாபாரம் கூடும்போதே கைக்காசு வற்றிப் போகிறது. இந்த இடத்தில்தான் பலர் ஆலோங்கிடம் போய்ச் சிக்கிக்கொள்கிறார்கள்.

ஆகவே கடன் கேட்கும்போது இயந்திரத்தின் விலையை மட்டும் கணக்கிடாதீர்கள். காசு வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டிய நாட்களையும் கணக்கிடுங்கள். அல்லது பேரங்காடிக்காரரிடம், "முதலில் 20 பொட்டலம் தருகிறேன், வாரந்தோறும் பணம் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இப்போது ஆள் விஷயத்துக்கு வருவோம். 120 பொட்டலத்தை ஒருவரால் செய்ய முடியாது. ஒருவரை வேலைக்கு வைத்தால் என்ன செலவு? 2025 ஆகஸ்ட் 1 முதல், ஓர் ஆளே வேலை செய்யும் சிறு கடைக்கும் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்பது சட்டம். அதோடு முதலாளி கட்ட வேண்டிய ஊழியர் சேமநிதி 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி. சொக்சோவையும் சேர்த்தால் ஏறத்தாழ 1,950 வெள்ளி ஆகும். பொட்டலத்துக்கு 2 வெள்ளி என்றால், அந்த ஓர் ஆளின் செலவுக்கே நாள்தோறும் 38 பொட்டலம் கூடுதலாக விற்க வேண்டும். கடன் தவணை அதற்கு மேல்.

"சொந்தக்காரப் பெண்தானே, சேமநிதி எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிக்கு முன் நிற்கிறவளுக்கு ஒரு விபத்து நேர்ந்தால் என்ன செய்வது? சொக்சோ கட்டியிருந்தால் வைத்தியத்துக்கும் வருமானத்துக்கும் வழியுண்டு. கட்டாவிட்டால் உறவும் போகும், தொழிலும் போகும்.

முழுநாள் ஆளுக்கு வசதியில்லையென்றால் அரைநாள் ஆளிலிருந்து தொடங்கலாம். குறைந்தபட்சச் சம்பளத்தை மணிக்கணக்கில் பார்த்தால் 8 வெள்ளி 72 காசு. நாலு மணி நேரத்துக்கு 35 வெள்ளிக்குள் அடங்கும். சேமநிதியும் சொக்சோவும் அதற்கும் உண்டு.

சரி, ஆள் கிடைப்பாரா? நம் பிள்ளைகள் விடியுமுன்னே தொழிற்சாலை வேனில் ஏறிப் போகிறார்கள். அங்கே ஓவர்டைம் உண்டு. அதோடு போட்டியிட நம்மால் முடியாது. ஆனால் சிறு தொழிலும் சிலவற்றைக் கொடுக்கலாம். வீட்டுக்கு அருகில் வேலை, சொன்ன தேதியில் சம்பளம், மரியாதையான பேச்சு, கையில் ஒரு தொழில். "கற்றுக்கொண்டு தனியே போய்விடுவாளே" என்ற பயத்தில் பக்குவத்தை மறைத்து வைத்தால், நீங்கள் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தாலும் அடுப்பு அணைந்துவிடும். கடன் தவணையோ நிற்காது.

பால்வெட்டு தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புது ஆளிடம் எடுத்தவுடனே நல்ல மரத்தை யாரும் ஒப்படைப்பதில்லை. பட்டையில் காயம் பட்டால் பல ஆண்டுகளுக்கு அந்த மரம் கெட்டுவிடும். வெட்டிச் சாய்க்கவிருக்கும் கிழ மரத்தில்தான் முதலில் கத்தி பழகச் செய்வார்கள். ஆகவே, பெரிய ஆர்டர் வந்த பிறகு ஆள் தேடாதீர்கள். 40 பொட்டலம் செய்கிற காலத்திலேயே ஒருவரைப் பழக்கி வையுங்கள்.

இனி, பணம் எங்கே கிடைக்கும்? முதலாவது, சொந்தச் சேமிப்பு. இரண்டாவது, முறையான கடன். தெக்குன் நேஷனலில் இந்தியர்களுக்கென்றே ஸ்பூமி எனும் திட்டம் உண்டு. 1987இல் தொடங்கிய அமானா இக்தியார் மலேசியா, ஏழைக் குடும்பங்களுக்குச் சிறு கடன் கொடுத்து வருகிறது. 'கூட்டு' பிடிப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அது 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. மூன்றாவது, பங்காளி. அவருக்குத் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் லாபத்திலும் முடிவிலும் அவருக்குப் பங்குண்டு. பேச்சை முதல் நாளே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பங்குப் பணத்தின் வலிமையை நம் சமுதாயம் முன்பே கண்டிருக்கிறது. ஐம்பதுகளில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து நின்றார்கள். 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்கு சேர்த்தார். அந்தப் பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது. கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலாவது.

அங்கே பணம்தான் புதிது. மரத்தையும் மண்ணையும் அறிந்த தொழிலாளர்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். ஆளும் பணமும் சேர்ந்ததால் தோட்டம் நிலைத்தது.

ஆகவே நேயர்களே, கடன் மனுவில் கையெழுத்துப் போடுமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். "நாளைக்கு நான் எழுந்திருக்க முடியாவிட்டால், இந்த அடுப்பை யார் மூட்டுவார்?" அதற்கு ஒரு பெயரைச் சொல்ல முடிந்தால் துணிந்து போங்கள். சொல்ல முடியாவிட்டால் கடனைச் சற்றுத் தள்ளி வைத்து, முதலில் அந்த ஆளை உருவாக்குங்கள்.