கண்டிச் சீமையும் கொழும்புத் திருமண்டலமும்



கண்டிச் சீமைக்குப் போன தாத்தா, பாட்டன் கதை இல்லாத குடும்பம் நம் புதுக்கோட்டைப் பக்கம் குறைவு. அதனால்தான் இந்தத் தலைப்பு.

இலங்கையின் ஆங்கிலிக்கன் சபை முதலில் கல்கத்தா பேராயரின் கீழ் இருந்தது. 1835இல் சென்னைத் திருமண்டலம் உருவானதும் அதன் கீழ் வந்தது. 1845இல்தான் கொழும்பு தனித் திருமண்டலமாயிற்று. முதல் பேராயர் ஜேம்ஸ் சாப்மன்.

1875இல் பேராயரான ரெஜினால்ட் கோப்பிள்ஸ்டனுக்கு அப்போது வயது 30தான். காப்பித் தோட்டத் தமிழர்களிடையே சி.எம்.எஸ். மிஷனரிமார் ஊழியம் செய்துவந்தார்கள். அதற்குப் பெயரே ‘தமிழ்க் கூலி மிஷன்’. சொல்லவே கூசுகிறது. அதுவும் தம் மேற்பார்வையில் வரவேண்டும் என்றார் பேராயர். அவர்கள் இணங்கவில்லை. 1876இல் அவர்களுடைய உரிமங்களை ரத்து செய்துவிட்டார்! வழக்கு இங்கிலாந்து வரை போய், அங்குள்ள பேராயர்கள் தலையிட்டுச் சமரசம் செய்தார்கள். இத்தனையும் நம் ஊர் ஜனங்களை யார் மேய்ப்பது என்பதற்காக. லயத்தில் கிடந்தவர்களுக்கு அந்தப் பேச்சில் இடமில்லை.

1950இல் குருணாகல் தனித் திருமண்டலமானது. அதன் முதல் பேராயர் லக்தாச டி மெல், 1962இல் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை நான்குக்கும் தலைமைப் பேராயராகக் கல்கத்தாவில் அமர்ந்தார். ஆனால் கொழும்புக்கு இலங்கையர் ஒருவர், ஹெரால்ட் டி சொய்சா, பேராயராக வர 1964 ஆயிற்று.

தோட்டத்துக்குப் போன முன்னோரின் ஞானஸ்நானச் சீட்டோ, பழைய கடிதமோ உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.