மாநிலங்களவையில் நமக்கு எத்தனை இடம்?



நாடாளுமன்றம் என்றதும் பள்ளிக்கூடப் பாடம்தான் நினைவுக்கு வரும். மக்களவைக்கு ஐந்தாண்டு, மாநிலங்களவைக்குக் கலைப்பே கிடையாது. தேர்வு எழுத இது போதும். இடஒதுக்கீட்டுக்காகத் தெருவில் நிற்கிற நமக்குப் போதாது. இரண்டு சட்டமுன்வரைவுகளை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

பதவி உயர்வில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு இடஒதுக்கீடு தருவதற்கு 2006இல் நாகராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிபந்தனைகள் போட்டது. பின்தங்கியவர்கள் என்று காட்டு, போதிய பிரதிநிதித்துவம் இல்லை என்று காட்டு, நிர்வாகத் திறன் கெடாது என்றும் காட்டு! இந்தத் தடையை நீக்க வந்ததுதான் 117ஆவது அரசமைப்புத் திருத்த முன்வரைவு. 2012 டிசம்பர் 17 அன்று மாநிலங்களவையில் 206 பேர் ஆதரித்தார்கள், 10 பேர் எதிர்த்தார்கள். பிறகு மக்களவைக்குப் போனது. அங்கே அமளி. கடைசிவரை அது நிறைவேறவே இல்லை. 2014இல் மக்களவையின் காலம் முடிந்ததும் முன்வரைவும் செத்துப்போனது.

விதி அப்படி. மாநிலங்களவையில் தொடங்கி அங்கேயே கிடக்கிற முன்வரைவு, மக்களவை கலைந்தாலும் உயிரோடிருக்கும். அங்கே நிறைவேறி மக்களவைக்கு வந்து கிடந்தால் கலைப்போடு காலாவதி. ஆகவே எதிர்த்து வாக்களித்துக் கெட்ட பெயர் வாங்க வேண்டியதில்லை. கிடப்பில் போட்டாலே போதும்.

இன்னொன்றைப் பாருங்கள். உயர்சாதி ஏழைகளுக்குப் பத்து விழுக்காடு. 2019 ஜனவரி 8 அன்று மக்களவையில் அறிமுகம், அன்றைக்கே நிறைவேற்றம்: 323க்கு 3. மறுநாள் மாநிலங்களவையில் 165க்கு 7. தேர்வுக் குழுவுக்கு அனுப்பிப் பரிசீலியுங்கள் என்று திமுகவின் கனிமொழி கேட்டார், ஏற்கவில்லை. 12ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. அதே நாடாளுமன்றம்தான், அதே இரண்டு அவைகள்தான்!

மேலவை வெறும் அலங்காரம் என்று சிலர் சொல்வார்கள். பண முன்வரைவு என்றால் ஓரளவு உண்மை. பதினான்கு நாள் வைத்திருக்கலாம், அவ்வளவுதான். சாதாரணச் சட்டத்தை அது நிராகரித்தால் கூட்டுக் கூட்டம் போட்டு எண்ணிக்கை பலத்தில் நிறைவேற்றிவிடலாம். 2002இல் பொடா சட்டம் அப்படித்தான் வந்தது. ஆனால் அரசமைப்புத் திருத்தத்துக்குக் கூட்டுக் கூட்டம் கிடையாது. ஒவ்வோர் அவையிலும் தனித்தனியாக, வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 1970இல் மன்னர் மானிய ஒழிப்பு முன்வரைவு மாநிலங்களவையில் ஒரு வாக்குகூட முழுதாக இல்லை, அதில் ஒரு பின்னத்தில் தோற்றது.

இவ்வளவு அதிகாரமுள்ள அவையில் நம் இடம் என்ன? மக்களவையில் பட்டியல் சாதிக்கு 84, பழங்குடியினருக்கு 47 தனித்தொகுதிகள். மாநிலங்களவையில் ஒன்றுகூடக் கிடையாது. 2023இல் வந்த மகளிர் இடஒதுக்கீடும் அந்த அவையைத் தொடவில்லை. 1952இல் பம்பாய் வடக்கில் தோற்ற அண்ணல் அம்பேத்கர் மாநிலங்களவை வழியாகத்தான் நாடாளுமன்றத்துக்குள் வந்தார் என்பதும் உண்மை. ஆனால் அது ஒதுக்கீட்டில் கிடைத்த இடமல்ல.

தமிழ்நாட்டுக் கணக்கைப் போடுவோம். நமக்கு 18 இடங்கள்; வழக்கமாக ஒரே சமயத்தில் ஆறு காலியாகும். 234 சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களித்தால், ஓர் இடத்துக்கு 34 வாக்குகள் போதும். தனித்தொகுதிகளிலிருந்து வருபவர்கள் பட்டியல் சாதியில் 44 பேர், பழங்குடியில் 2 பேர். அவர்கள் சேர்ந்து நின்றாலே ஒருவரை அனுப்பிவிடலாம்!

ஏன் நடப்பதில்லை? 2003 முதல் இது திறந்த வாக்கெடுப்பு. வாக்குச்சீட்டைக் கட்சியின் முகவரிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும். மாற்றிப் போட்டால் அதற்காகச் சட்டப்படி பதவி போகாது. அடுத்த தேர்தலில் சீட்டு போகும். தனித்தொகுதி உறுப்பினருக்கு எல்லோரும் வாக்களிக்கிறார்கள், கட்சிதான் அவரைத் தேர்ந்தெடுக்கிறது. பூனா ஒப்பந்தம் போட்ட முடிச்சு இங்கேயும் இறுகுகிறது.

விகிதாசார முறையில் ஒதுக்கீடு செய்வது சிக்கல் என்பார்கள். ஊராட்சி வார்டுவரை சுழற்சி முறையைக் கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு, ஆறில் ஒன்றை ஒதுக்கத் தெரியாதா? அடுத்த மாநிலங்களவைத் தேர்தல் வரும்போது, வேட்பாளர் பட்டியல் வெளியாகும் முன்பே உங்கள் தொகுதி உறுப்பினரிடம் போய் இந்த 34ஐப் பற்றிக் கேளுங்கள்.