கறவைமாட்டின் இரத்தமும் காப்புரிமைச் சட்டமும்



உடல்நலமுள்ள பசுவின் இரத்தத்தில் ஹேப்டோகுளோபின் என்னும் புரதம் இல்லையென்றே சொல்லுமளவுக்குக் குறைவு. மடிநோயோ, கன்று ஈன்றபின் கருப்பை அழற்சியோ கண்டால் அது நூறு மடங்குக்கும் மேலாகப் பெருகும். இது இயற்கையின் நியதி. எந்த நிறுவனமும் படைத்ததன்று. ஆனால், “புரதம் இந்த அளவைத் தாண்டினால் மாடு நோயுற்றது” என்னும் அறிவைத் தனியுடைமையாக்க முடியுமா என்பதே வழக்கு.

அமெரிக்காவில் மேயோ - புரொமீதியஸ் வழக்கு மனிதர்களுக்கான பரிசோதனை பற்றியது. மருந்து உட்கொண்டவரின் இரத்தத்தில் அம்மருந்தின் சிதைபொருள் எவ்வளவு இருக்கலாம் என்ற வரம்புக்கே காப்புரிமை பெறப்பட்டிருந்தது. 2012 மார்ச் 20 அன்று உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாக அதை நிராகரித்தனர். ஐரோப்பாவிலோ, உடலின்மேல் நிகழ்த்தப்படும் நோயறி முறைக்கு மட்டுமே தடை. இரத்தம் மாட்டின் நாளத்தில் ஓடும்வரை தடை உண்டு. குழாயில் இறங்கியதும் இல்லை!

இந்தியச் சட்டம் இவ்விரண்டினும் வேறானது. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(ஐ) பிரிவு, மனிதருக்கான சிகிச்சை முறைகளோடு நில்லாமல், கால்நடைகளையும் பயிர்களையும் நோயினின்று காக்கும் முறைகளுக்கும், அவற்றின் பொருளாதார மதிப்பைப் பெருக்கும் முறைகளுக்கும் காப்புரிமையை மறுத்தது. உலக வர்த்தக அமைப்பின் நிர்ப்பந்தத்தை ஒட்டி வந்த 2002 திருத்தம் “நோயறிதல்” என்ற சொல்லைச் சேர்த்தது. “தாவரங்கள்” என்ற சொல்லை ஓசையின்றி நீக்கியது. கால்நடை தப்பியது, பயிர் சிக்கியது.

அந்த “நோயறிதல்” எதுவரை செல்லும்? தாயின் இரத்தத்தில் கருவின் மரபணுப் பங்கைக் கணிக்கும் முறை குறித்த வழக்கில் 2023 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம் விடையளித்தது. உடலுக்கு வெளியே, ஆய்வுக்கூடத்தில் செய்யப்படும் பரிசோதனையும் தடைக்குள் வரலாம் என்றது. ஆயினும் நோயைக் கண்டறியும் முறையாக இருந்தால்தான் தடை என்று வரையறுத்து, விண்ணப்பத்தை மறுத்த ஆணையை ரத்து செய்தது. முதற்பாதி கால்நடை வளர்ப்போர்க்கு அரண். பிற்பாதி நிறுவனங்களின் வழக்கறிஞர்க்கு வாயில். “நோயை அறிவதில்லை, புரதத்தை அளப்பதே” என்று எழுதிவிட்டால் போதுமே!

இன்னொரு வாயிலும் உண்டு. தடை முறைக்குத்தான், புதிய எதிர்ப்புரதத்தையோ பரிசோதனைப் பெட்டியையோ பொருளாகக் காட்டிக் காப்புரிமை கோரலாம். 2019 கணக்கெடுப்பின்படி நாட்டில் 19 கோடிக்கு மேல் மாடுகள், ஏறத்தாழ 11 கோடி எருமைகள். பெரும்பாலானவை இரண்டொரு கறவை மட்டுமே வைத்திருக்கும் வீடுகளில் நிற்பவை. பெட்டியின் விலை ஏறினால் பரிசோதனையைக் கைவிடுவது அந்த வீடுகளே.

காப்புரிமை வழங்கப்படுமுன் எவரும் எதிர்ப்பு மனு அளிக்கலாம் என்கிறது சட்டத்தின் 25(1) பிரிவு. விவசாயிகள் சங்கமோ பால் உற்பத்தியாளர் சங்கமோ கட்டணமின்றி அதைப் பயன்படுத்தலாம் என்ற நிலை 2024 மார்ச் வரை இருந்தது. புதிய விதிகள் அதற்குக் கட்டணம் விதித்துள்ளன. மனு ஏற்கத்தக்கதா என்பதை அதிகாரி முதலில் தீர்மானிப்பார் என்றும் சேர்த்துள்ளன.