சிறு சங்கங்களுக்குப் பொருளுதவி
(விழா மேடையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கொடை என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு எனக்குப் பணித்தார்கள். கொடையின் பெருமையை அறிஞர் பலர் இம்மேடையிலேயே விரித்துரைத்துள்ளனர். ஆதலின் அதன் ஒரு சிறு கிளையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கட்டடமோ பெயர்ப்பலகையோ இல்லாமல், கூலி பாக்கிக்காகவும் குடிநீருக்காகவும் பட்டாவுக்காகவும் ஊர் மக்கள் தாமே கூடி நடத்தும் சிறு சங்கங்களுக்குப் பொருள் தருவோர் யார் என்பதே அது.

இத்தகைய சங்கத்தின் செலவு என்ன? வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய்வரப் பேருந்துக் கட்டணம், மனுவுக்கும் நகலுக்கும் சில நூறு ரூபாய், கூட்டத்தன்று ஒலிபெருக்கி வாடகை, முழுநேரமும் அலைகின்ற ஒருவருடைய குடும்பத்துக்குச் சாப்பாட்டுச் செலவு. அவ்வளவே. குழல்விளக்கிலும் உபயதாரர் பெயரை எழுதிப் பழகியவர்கள் நாம். பேருந்துச் சீட்டில் பெயர் எழுத இடமில்லை! கொடையாளர் கண்ணுக்கு இச்செலவு படாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ராஜஸ்தானத்தில் பீம் வட்டாரத்தைச் சேர்ந்த உழவரும் கூலித் தொழிலாளரும் 1990 மே முதல் நாளன்று மஜ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் அமைப்பைத் தொடங்கினர். தொடங்கியவர்களுள் ஒருவரான அருணா ராய் நம் சென்னையில் பிறந்தவர்; இந்திய ஆட்சிப் பணியை 1975-இல் துறந்தவர். வறட்சி நிவாரண வேலைகளில் சட்டப்படியான கூலி கிடைக்காததே அவர்களுடைய முதல் வழக்கு. வருகைப் பட்டியலைக் காட்டுங்கள் என்று கேட்டபோது, அது அரசு இரகசியம் என்று விடை வந்தது. 1994 டிசம்பரில் கோட் கிரானா என்னும் ஊரில் மக்களைக் கூட்டி, கிடைத்த பற்றுச்சீட்டுகளை உரக்கப் படித்துக் காட்டினார்கள். வேலையே செய்யாதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததை ஊராரே எழுந்து சொன்னார்கள்.

1996 ஏப்ரலில் பேவார் நகரில் நாற்பது நாள் தர்ணா நடந்தது. அங்கே அடுப்பெரிந்தது எவ்வாறு? சிற்றூர்க் குடும்பங்கள் தானியம் கொடுத்தன. அந்நகரத்துச் சந்தை வியாபாரிகள் காய்கறி கொடுத்தார்கள். நிறுவனங்களின் மானியத்தை வாங்குவதில்லை என்பது அச்சங்கத்தின் உறுதி. தனிமனிதர் தரும் பொருளை ஏற்றார்கள். பேவாரில் எழுந்த கோரிக்கை 2000-இல் ராஜஸ்தான் மாநிலச் சட்டமாகவும், 2005-இல் நடுவண் அரசின் தகவல் அறியும் உரிமைச் சட்டமாகவும் ஆயிற்று. இன்று நாம் பத்து ரூபாய் கட்டணத்தில் மனுச் செய்து அரசுக் கணக்கைக் கேட்கிறோமே, அதற்கு அந்தத் தானிய மூட்டைகளும் ஒரு காரணம்.

எல்லாச் சங்கங்களுக்கும் பேவார் வாய்க்காது. பெரும்பணம் வரும் வழிகளோ குறுகிவிட்டன. வெளிநாட்டு நிதியை ஒரு நிறுவனம் பெற்று மற்றோர் அமைப்புக்குப் பகிர்வதை 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் தடுத்துவிட்டது. நிர்வாகச் செலவின் உச்ச வரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20-ஆகக் குறைந்தது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி பெரிய கம்பெனிகள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமுதாயப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆனால் அப்பணத்தைப் பெற்று நடத்தும் அமைப்புக்குப் பதிவெண் வேண்டும், தணிக்கைக் கணக்கு வேண்டும். மரத்தடியில் கூடும் இருபது பேருக்கு அவற்றுக்கெல்லாம் எங்கே வழி? மேலும், மனுக் கொடுப்பவரை ஆதரிப்பதைவிடப் பள்ளிக்கு மேசை வாங்கிக் கொடுப்பது கம்பெனிக்கு எளிது. அதனை நான் குறையாகச் சொல்லவில்லை, மேசையும் வேண்டியதே.

இது நால்வகைத் தானத்துள் எதில் அடங்கும் என்று அன்பர் ஒருவர் வினவினார். ஆகாரமா, ஔஷதமா, சாஸ்திரமா என்றெல்லாம் நெடுநேரம் ஆராய வேண்டியதில்லை. ஒப்பந்தக்காரர் எதிரே தனியே நின்று கூலி கேட்க அஞ்சும் ஒரு தாய், பதினைந்து பேரோடு சென்று கேட்கும்போது அச்சம் நீங்குகிறாள். அபய தானம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. நூலறிந்த பெரியோர் மாறுபட்டால் கேட்டுக்கொள்கிறேன்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பொருள் தருபவர் கூட்டத்தின் பேசுபொருளையும் தாமே வகுத்துத் தரத் தொடங்கினால், சங்கம் ஊராருடையதாக இராது. முந்நூறு ரூபாய்க்கு மூன்று பக்க அறிக்கை கேட்பதும் அத்தகையதே. செலவுச் சீட்டைப் பார்த்தால் போதும். கணக்கை அவர்கள் தம் ஊர்க் கூட்டத்தில் படிக்கட்டும்.

செயல்முறைக்கு வருகிறேன். பதிவில்லாத சங்கத்துக்கு அறக்கட்டளைப் பணத்தை நேரே கொடுத்தால் நம் தணிக்கையாளர் ஒப்பமாட்டார், அது நியாயமே. அறக்கட்டளையின் நோக்கங்களுக்கு உட்பட்டதாயின், அச்சகத்துக்கோ ஒலிபெருக்கிக் கடைக்கோ நாமே பணம் செலுத்திச் சீட்டைப் பெறலாமா என்று அவரையே கேட்டுப் பார்க்கலாம். மற்றதைத் தனிமனிதராக நம் கைப்பொருளிலிருந்து கொடுக்கலாம். வருமான வரிச் சலுகை கிட்டாது, அவ்வளவுதான். நம் சத்திரங்களும் மண்டபங்களும் விழா நாள் ஒழிய மற்ற நாள்களில் பூட்டியே கிடக்கின்றன. மாதத்தில் ஒரு மாலை அவற்றைத் திறந்துவிடுவதற்கு மின்கட்டணம் மட்டுமே செலவாகும். இவ்வாண்டுப் பொதுக்குழுவில் இதனைப் பொருளாக வைக்குமாறு செயலாளர் அவர்களை வேண்டிக்கொள்கிறேன்.